ஆள்மூலம் சொன்ன சேதி

நாசரேத்
4.9.1974

அன்புள்ள சீனித்தாய்க்கு,

கர்த்தர் கிருபையால் பஸ் குலுக்கலில் எனக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ ஒன்றும் ஆகாமல் அம்மா வீடு வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். தூத்துக்குடிக்காரியிடம் போய் உப்பைக் குறை என்றால் எப்படி?

பேறுகாலம் முடிந்து நான் திரும்பி வரும்வரை நீ இரண்டு ஆளாக இருக்க வேண்டும். நாம் இரண்டு பேர் சேர்ந்தே மூச்சு முட்டச் செய்த வேலை அது. சரக்கு ஏற்றுமதி செய்யும் காசிலிங்கம் அண்ணாச்சியின் வெளிநாட்டுக் கடிதங்கள், பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாளை நகலெடுக்கும் ஸ்டென்சில், வருகிறவர்கள் போகிறவர்களின் மனு, சாயங்காலம் ஹார்பர் கிளார்க்குகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு. புது ஹார்பர் திறந்ததிலிருந்து கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரையும் விட்டுவிடாதே. நமக்கு மாதச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. இன்று இல்லை என்று சொன்னால் நாளைக்கு அந்த ஆள் வேறு வாசற்படி ஏறிவிடுவார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். தலை தெளிவாக இருக்கும் காலை நேரத்தை இங்கிலீஷ் கடிதத்துக்கு வைத்துக்கொள். சாப்பிட்ட மயக்கத்தில் கைமட்டும் ஓடினால் போதும், அது ஸ்டென்சிலுக்கு. மனுக்காரர்கள் எந்த நேரமும் வருவார்கள். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அடித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை முடித்த பிறகு எழுந்திரு. பாதிப் பக்கத்தில் எழுந்தால் அந்தப் பக்கம் கெட்டது என்று வைத்துக்கொள்.

ஜூலையில் டைப்ரைட்டிங் மெஷின்மேல் மயங்கி விழுந்தேனே, அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பார்க்கிறார். இங்கே வந்து விட்டுவிட்டுப் போகும்போது, வேலையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. வாரம் ஒரு கடிதமாவது எழுது.

கிருபாபாய்

~

தூத்துக்குடி
13.9.1974

அக்காவுக்கு, சீனித்தாய் எழுதுவது.

இதை நம் தமிழ் மெஷினிலேயே அடிக்கிறேன். கையால் எழுதினால் கையெழுத்தைத் திருத்தி அனுப்புவீர்கள்.

கால்பரீட்சைக் கேள்வித்தாள் மொத்தமும் ஒரே வாரத்தில் வந்து விழுந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி மனுக்காரர்களை பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தேன். குழாய் இணைப்புக்கு மனு எழுத வந்த ஒரு அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தாள். ஸ்டென்சில் வெட்டி முடித்தபோது அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தது. குழாய் இன்னும் வரவில்லை. நமக்கு முன்பக்கம் பேப்பர்க்கடை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சிதான் சிரித்துச் சிரித்துக் கணக்குப் போட முடியாமல் எழுந்து போனார்.

சாயங்கால வகுப்புதான் பயமாக இருக்கிறது. முந்தின நாள் நான் படித்ததை மறுநாள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கிளார்க், "யெஸ்டர்டே ஐ ஆம் கோயிங்" என்று அத்தனை உறுதியாகச் சொன்னார். எனக்கே சந்தேகம் வந்து, "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்தேன்.

உங்கள் இங்கிலீஷ் மெஷினைத் தினமும் துடைத்து உறை போடுகிறேன். அதில் நான் அடித்த கடிதத்தை காசிலிங்கம் அண்ணாச்சி குறை சொல்லவில்லை. குறை சொல்லும் அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வேறு விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வாருங்கள். நீங்கள் இல்லாமல் அறை பெரிதாகிவிட்டது.

சீனித்தாய்

~

நாசரேத்
3.10.1974

சீனித்தாய்க்கு,

உன்னிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்திருந்தார். "சீனி எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. கெட்டிக்காரி" என்றார். அந்தக் கெட்டிக்காரியைச் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. தோண்டிக் கேட்டேன். "ஒனக்குக் கொதிப்பு இருக்கு, வேண்டாம்" என்றார்.

"சொல்லாமப் போனாத்தான் கொதிப்பு ஏறும்."

"போர்டை மாத்திட்டா" என்றார்.

என் பெயர் இல்லையாம். உன் பெயர் மட்டும் பச்சை எழுத்தில் இருக்கிறதாம். வருகிறவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டு வருகிறார்களாம். பக்கத்தில் இருந்த அம்மா, "பூனையைப் பாலுக்குக் காவல் வச்சுட்டு வந்திருக்க" என்றார்கள். நான் அம்மாவை அதட்டினேன். அதட்டிய பிறகும் அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை.

சீனி, நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதும்போதே, ஏன் இவள் பதில் போடவில்லை என்று மனது கேட்கிறது. போர்டு மாற்றியது உண்மையா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது.

கிருபாபாய்

~

தூத்துக்குடி
8.10.1974

அக்காவுக்கு,

போர்டு மாற்றியது உண்மை. ஏன் என்று தெரியாதவர்போல் நீங்கள் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வேலை விஷயம் எதையும் உங்களுக்கு எழுதக் கூடாது, கொதிப்பு ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று எனக்குச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை. இப்போதும் இதற்குமேல் எழுதப் போவதில்லை.

குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனிடம் உங்களுக்காக வேண்டியிருக்கிறேன். நீங்கள் கும்பிடாவிட்டாலும் அவள் பார்த்துக்கொள்வாள். நல்லபடியாகப் பெற்றுப் பிழையுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், பேச ஏதாவது மிச்சம் இருந்தால்.

சீனித்தாய்

~

நாசரேத்
11.11.1974

சீனித்தாய்க்கு,

எனக்குப் போன மாதம் பெண் பிறந்தது. உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு கார்டுகூட வரவில்லை.

இன்று காசிலிங்கம் அண்ணாச்சியிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. "தாங்கள் வேலையை விட்டுவிட்டதாக அறிந்தேன். இனி சீனித்தாய் அம்மாளே தன் பொறுப்பில் நம் கடிதங்களைப் பார்த்துக்கொள்வதால் கவலையின்றி ஓய்வெடுக்கவும்" என்று எழுதியிருக்கிறார்.

நான் வேலையை விட்டேன் என்று அவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அவர் கடைப்பக்கமே போகிறவர் இல்லை. மிச்சம் இருப்பது நீ.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, போக இடமில்லாமல் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடைவாசலில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தது நான்தான். சொல்லிக்காட்டக் கூடாது என்று எத்தனையோ நாள் நாக்கைக் கடித்திருக்கிறேன். இன்று கடிக்க முடியவில்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது உனக்கு இவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டதே.

போன வருஷம் நான் நாலு வேலைக்காரி. இப்போது பிள்ளைக்குப் பால் கொடுப்பது ஒன்றுதான் வேலை. அதுகூட நேரத்துக்குச் சுரக்க மாட்டேன் என்கிறது. தொட்டில் கம்பில் என் விரல் தானாக எழுத்துத் தட்டுகிறது. நீ என் இடத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாய் என்று அப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கிருபாபாய்

~

தூத்துக்குடி
15.11.1974

அக்காவுக்கு,

பச்சை உடம்புக்காரியிடம் சண்டை போடக் கூடாது என்று மதினி சொல்கிறாள். நானும் எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

உங்கள் இடத்தில் உட்கார்ந்து எதைத் தட்டுவேன்? மெஷின் எங்கே இருக்கிறது? வேலையை விடுகிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுத உங்களுக்கு மனமில்லை. ஆள் அனுப்பி மெஷினை எடுத்துக்கொண்டீர்கள். போர்டைக் கழற்றச் சொன்னீர்கள். காசிலிங்கம் அண்ணாச்சி கேட்டபோது எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவருக்குச் சொன்னேன். கழற்றிய இடத்தில் என் பெயரை எழுதிவைக்காமல் என்ன செய்வது? நீங்களே சொன்னதுதான், வந்தவர் வேறு வாசற்படி ஏறிவிடுவார்.

இங்கிலீஷ் கடிதம் அடிக்க எனக்கு இப்போது மெஷின் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை வகுப்பு ஆரம்பிக்கும் முன்னால் போய் வாடகைக்கு அடித்துவிட்டு, அங்கிருந்து ஓடி வந்து ஸ்டென்சில், பிறகு மனு, பிறகு வகுப்பு. வீட்டுக்குப் போனால் சோறு ஆறிப்போய், அண்ணன் முகம் அதைவிட ஆறிப்போய் இருக்கிறது. "ஒன்னய விட்டுட்டு அவ போய்ட்டா, நீ யாருக்கு ஓடுத?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அது என்ன பாவம் செய்தது.

சீனித்தாய்

~

நாசரேத்
18.11.1974

சீனி,

எந்த மெஷின்? யார் வந்து எடுத்தது?

நான் யாரையும் அனுப்பவில்லை. என் மெஷினுக்கு உறை போட்டு மூலையில் ஒதுக்கிவிட்டாய் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறது.

நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுது. யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், எல்லாம். கொதிப்பு இறங்கிவிட்டது, பயப்படாதே. இந்தக் கடிதத்தை அம்மாவிடம்கூடக் காட்டவில்லை.

கிருபா

~

தூத்துக்குடி
21.11.1974

அக்காவுக்கு,

நீங்கள் நடிக்கிறீர்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் உங்களுக்குக் கடிதம் போட்ட மறுவாரம். மத்தியானம் ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் செல்வதுரை அண்ணன் ஒரு கைவண்டிக்காரரோடு வந்தார்.

"சீனி, இங்கிலீஷ் மெஷினை எடுத்துட்டுப் போகணும்."

"சர்வீசுக்கா அண்ணே? நல்லாத்தானே ஓடுது?"

"சர்வீசுக்கு இல்ல. கிருபா இனிமே வரமாட்டா. பிள்ளையை வச்சுக்கிட்டு முடியாதுன்னுட்டா. ஒன்கிட்ட சொல்ல அவளுக்குச் சங்கடம். அதான் என்னய அனுப்புனா."

"ஒரு சீட்டுகூடக் குடுத்துவிடலையா?"

"புருசன் வந்து கேக்கேன். சீட்டு வேணுமோ?"

நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செந்தூர்பாண்டி அண்ணாச்சி முன்பக்கத்திலிருந்து, "குடுத்து அனுப்புளா. அவங்க பொருளை அவங்க எடுக்காங்க, நாம என்ன சொல்ல?" என்றார். கையை எடுத்தேன். போகும்போது போர்டையும் அண்ணன்தான் கழற்றினார். "வாரவங்க ஏமாறக் கூடாதுல்லா" என்றார்.

வாசலில் நின்று, "அவளுக்கு இதைப்பத்தி ஒண்ணும் எழுதாத. வேலைன்னு ஒரு சொல்லைக் கண்டாலே கொதிப்பு ஏறுது. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் நம்பினேன். அது நடிப்பு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

இவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாமல் இது நடந்தது என்று இனி நீங்கள்தான் எனக்கு விளங்க வைக்க வேண்டும்.

சீனித்தாய்

~

நாசரேத்
2.12.1974

சீனி,

நேற்று அவர் பவுடர் டப்பாவும் கிலுகிலுப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளையை அவர் மடியில் படுக்க வைத்துவிட்டுக் கேட்டேன். மடியில் பிள்ளை தூங்கினால் எழுந்து போக முடியாதல்லவா.

"மெஷின் எங்க இருக்கு?"

"எந்த..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். பிள்ளையின் காலைத் துணியால் மூடிவிட்டார். பிறகு சொன்னார். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட் வேலை காலியாம். பெர்மனென்ட். பள்ளிக்கூட நிர்வாகியான கரஸ்பாண்டென்ட் ஒரு மெஷினை நன்கொடையாகக் கேட்டாராம். இவரும் என் மெஷினைக் கொடுத்துவிட்டாராம்.

"யாருக்கு அந்த வேலை?"

"ஒனக்குத்தான். ஒரு மேசை, ஒரு நாற்காலி. மணி அடிச்சா வீடு. அத்தை பிள்ளையைப் பாத்துக்கிடுவாங்க. நான் பேங்க்ல திருச்செந்தூர் பிராஞ்சுக்கு மாத்தல் கேட்டிருக்கேன். ஜனவரியில ரெண்டு ஆர்டரும் வந்துரும்."

"எனக்குன்னா என்கிட்ட கேக்கணும்லா?"

"கேட்டா சம்மதிப்பியா?"

மாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

"நாலு பேருக்கு நாலு வேசம் போடுத கிருபா. காலைல கம்பெனிக்காரி, மத்தியானம் பள்ளிக்கூடத்துக்காரி, சாயங்காலம் வாத்திச்சி. அன்னைக்கு மெஷின்மேல விழுந்து கெடந்தியே, மூச்சு இருக்கான்னு மூக்குல கைவச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் அந்த மெஷினைக் கண்டாலே எனக்குப் பயம்" என்றார்.

நான் அழக் கூடாது என்று இருந்தேன். "அதுக்கு சீனியை ஏன் திருடி ஆக்குனீங்க?" என்றேன்.

"அவமேல வெறுப்பு வந்தா நீயாவே விட்டுருவேன்னு நெனைச்சேன்."

இதை அவர் தலைகுனிந்து சொல்லவில்லை, சீனி. பள்ளிக்கூடத்துப் பையன் சரியான விடை சொல்வதுபோல் சொன்னார். எனக்கு நல்லது செய்ததாகத்தான் அந்த மனிதர் இந்த நிமிஷம்வரை நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மா அவர் பக்கம். "ஊர்ல எத்தனை பேர் பெர்மனென்ட் வேலைக்குத் தவங்கிடக்காங்க" என்கிறார்கள். நான் இருவரிடமும் பேசவில்லை.

உன்னைச் சந்தேகப்பட்டேன். அந்த நவம்பர் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. மன்னிப்புக் கேட்கும் முன்னால் மெஷினை மீட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிருபா

~

தூத்துக்குடி
7.12.1974

அக்காவுக்கு,

படித்தேன். நம்ப வேண்டும் என்றுதான் ஆசையாக இருக்கிறது.

ஆனால் ஒரு வீட்டுப் பொருள் ஊர் தாண்டிப் போயிருக்கிறது, வீட்டுக்காரிக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? மதினி சிரித்தாள். "அந்த வேலை கெடைக்காதுன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப ஒன்கிட்ட திரும்பி வரப் பாக்கா" என்றாள். அவள் சொன்னதும் நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். பொருந்திப் போகிறது. உங்கள் அம்மா பூனை என்றார்கள், என் மதினி இப்படிச் சொல்கிறாள். நம் இரண்டு வீட்டிலும் வாய் ஒன்றுதான்.

என் பக்கத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். காசிலிங்கம் அண்ணாச்சி முதலில், "கிருபாபாய் வரட்டும், அதுவரைக்கும் வேற எடத்துல குடுக்கேன்" என்றார். நான்தான், "அவங்க வரவே மாட்டாங்க, என் பேருக்கே குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். கோபத்தில் கேட்டேன். பயத்திலும் கேட்டேன். அவர் போய்விட்டால் வாடகை மெஷினுக்குக்கூட வழியில்லை.

அதில் ஒரு கூத்தும் நடந்தது. மருந்துக்காக ஜெர்மனிக்கு அனுப்பும் சென்னா என்கிற நிலாவரை இலையைக் கப்பலில் ஏற்றிவிட்டோம் என்று அடிக்க வேண்டிய இடத்தில், 'ஷிப்ட்' என்பதற்கு 'ஸ்லிப்ட்' என்று அடித்துவிட்டேன். சரக்கு வழுக்கி விழுந்துவிட்டது என்று அர்த்தமாம். எங்கே விழுந்தது, கடலிலா என்று ஜெர்மன்காரர் தந்தி கொடுத்துவிட்டார். அண்ணாச்சி என்னை உட்கார வைத்து, "நீ விழுந்தா எந்திரிச்சுருவ. எஞ் சரக்கு விழுந்தா எந்திரிக்காது" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் அடிமுதல் நுனிவரை சத்தம் போட்டுப் படித்த பிறகுதான் உறையில் போடுகிறேன். இப்போது பிழை வருவதில்லை. இதை உங்கள் உதவி இல்லாமல் கற்றுக்கொண்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மெஷினை மீட்க வேண்டுமென்றால் மீட்டுக்கொள்ளுங்கள். எனக்காக என்று சொல்லாதீர்கள். இனி எனக்காக யாரும் எதுவும் செய்ததாக ஆள்மூலம் கேட்க விருப்பமில்லை.

சீனித்தாய்

~

நாசரேத்
11.1.1975

சீனி,

உன் கடிதம் வலித்தது. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன். நேற்று நடந்தது.

கிறிஸ்மஸுக்கு அவர் வந்தார். அந்த வேலைக்கான ஆர்டரைப் பற்றிக் கேட்டால் வரும் என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது பேசினார். எனக்குச் சந்தேகம். அம்மாவிடம், "நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், வருகிறீர்களா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போகட்டுமா?" என்றேன். திட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஆபீஸ் அறையில் என் மெஷின் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜீவமணி. நவம்பரிலேயே சேர்ந்துவிட்டாளாம். எனக்கு என்று சொன்ன அதே வேலைதான், சீனி. மெஷினை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அது டிசம்பரிலேயே தெரிந்திருக்கிறது. ஏமாந்துபோனதைச் சொல்ல வாய் வராமல், ஆர்டர் வரும் வரும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கரஸ்பாண்டென்ட் நல்ல வெள்ளை வேட்டி கட்டிய மனிதர். "நன்கொடையைத் திருப்பிக் கேக்கிற வழக்கம் நம்ம சபையில இல்லையேம்மா" என்றார்.

"நான் குடுக்கலையே ஐயா."

"ஒங்க வீட்டுக்காரர் குடுத்தார்."

"அது என் கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் வாங்கின மெஷின். ரசீது என் பேர்ல இருக்கு."

"வீட்டுக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியது" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு வாதாட வரவில்லை. தெரிந்த வேலையைச் செய்யலாம் என்று தோன்றியது. ஜீவமணியிடம், "ஒரு பக்கம் அடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டேன். அவள் எழுந்து, அம்மா கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். பள்ளிக்கூடத்தை நடத்தும் சபையின் மேலிடத்துக்கு இங்கிலீஷில் மனு அடித்தேன். எத்தனை பேருக்கு அடித்திருப்போம், எனக்கென்று அடித்தது இதுதான் முதல் தடவை. மெஷின் என்னுடையது, கொடுத்தவருக்கு உரிமை கிடையாது, எந்த வேலையைக் காட்டி அது கேட்டு வாங்கப்பட்டது, அந்த வேலை யாருக்குப் போனது. நகல் கல்வி அதிகாரி, போலீஸ் என்று யார் யாருக்குப் போகும் என்பதைக் கீழே வரிசையாக அடித்தேன். விரல் மறக்கவில்லை. ஒரு பிழை இல்லை. நீ சொன்ன மாதிரி சத்தம் போட்டும் படித்தேன். அறை முழுக்கக் கேட்டது.

அவர் வாங்கிப் பார்த்தார். நகல் வரிசைக்கு வந்ததும் அவர் கண் நின்றது. பிறகு பியூனைக் கூப்பிட்டு, "இதைக் கட்டி பஸ்ல ஏத்திவிடு" என்றார்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜீவமணி மெல்லிய குரலில் கேட்டாள்: "அக்கா, மெஷின் போயிட்டா என்னயும் போகச் சொல்லிருவாங்களா?" அவளுடைய அப்பா என்ன கொடுத்தாரோ, யாருக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவள் முகம்தான்.

மெஷின் இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு நான் எழுதவில்லை. அவர் எழுதிய இரண்டு கடிதத்திலும், உடம்பு எப்படி, பிள்ளை எப்படி என்பதுதான் இருக்கிறது. செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் பதில் போடவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு, பெர்மனென்ட் என்ற சொல்லை அம்மா எடுக்கவில்லை.

உன்னிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. நம் கிரேட் காட்டன் ரோட்டு அறையில் எனக்கும் மெஷினுக்கும் இடம் இருக்கிறதா? பழைய இடத்தைக் கேட்கவில்லை. ஒரு மேசைக்கு இடம். இல்லை என்றால் இல்லை என்று எழுது. உன்மேல் தப்புச் சொல்ல மாட்டேன்.

கிருபா

~

தூத்துக்குடி
18.1.1975

அக்காவுக்கு,

இடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு முகம் பார்த்துப் பேசினால் எனக்கு வாய் அடைத்துவிடும். போர்டில் இரண்டு பெயரும் இருக்கும், என் பெயரை இறக்க மாட்டேன். காசிலிங்கம் அண்ணாச்சியின் கடிதங்களை நான்தான் அடிப்பேன், அவராக மாற்றச் சொன்னால் மாற்றுவோம். சாயங்கால வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த 'யெஸ்டர்டே'யோடு போராட முடியவில்லை. உங்களுக்குத் தலை சுற்றினால் எழுந்து போய்ப் படுங்கள், பாதிப் பக்கமானாலும் பரவாயில்லை. கெட்ட பக்கத்தைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

மனசு முழுக்கத் தெளிந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். நீங்கள் என்னைத் திருடி என்று நினைத்ததும், நான் உங்களைக் கைவிட்டுப் போனவள் என்று நினைத்ததும் அவ்வளவு லேசில் போகாது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து பார்ப்போம். அந்த ஜீவமணியை வேலையைவிட்டு அனுப்பினால் இங்கே வரச் சொல்லுங்கள். அரைப் பரீட்சை முடிந்தது, அடுத்து முழுப் பரீட்சை வரும், ஸ்டென்சில் வெட்டக் கை வேண்டும்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடந்தது. அதையும் எழுதுகிறேன்.

இன்று சனிக்கிழமை. பேங்க் அரைநாள் போலிருக்கிறது. செல்வதுரை அண்ணன் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ஆள் மெலிந்துவிட்டார். செந்தூர்பாண்டி அண்ணாச்சி, "உள்ள வாங்க" என்று ஒப்புக்குக் கூப்பிட்டார். நான் கூப்பிடவில்லை.

"சீனி, கிருபா ஒனக்கு எழுதுதாளா?" என்றார்.

"எழுதுதாங்க."

"எப்ப வாராளாம்? வந்தா வீட்டுக்கு வருவாளா, இல்ல நேர இங்கதான் வருவாளா?"

உங்களுக்குப் பரிந்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எத்தனை நாளாக மனசுக்குள் அடித்துத் திருத்தி வைத்திருந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"எனக்குத் தெரியாது அண்ணே. நீங்கதான் கேக்கணும்."

"நான் வருத்தப்படுதேன்னு ஒரு வரி எழுதிரு சீனி. நீ எழுதுனா அவ கேப்பா."

"நான் எழுத மாட்டேன் அண்ணே. போன தடவை நீங்க அவங்க பேரைச் சொல்லி என்கிட்ட பேசுனிய, என் பேரைச் சொல்லி அவங்ககிட்ட பேசுனிய. இப்ப ஒங்க பேரைச் சொல்லி நான் பேசணுமா?"

அண்ணாச்சி தலையைக் கணக்குப் புத்தகத்துக்குள் விட்டுக்கொண்டார். செல்வதுரை அண்ணன் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஒரு பேப்பர் தா" என்றார்.

கொடுத்தேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு தாளைக் கிழித்துவிட்டார். இரண்டாவதில் ரொம்ப நேரமாக ஒரே இடத்தில் பேனா நிற்கிறது. நம்மிடம் மனு எழுத வருகிறவர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. எடுத்துக்கொடுக்கலாமா என்று எனக்கே கை துறுதுறுக்கிறது. கொடுக்க மாட்டேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் இதை ஒட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போடப் போகிறேன். அவர் எழுதி முடித்தாலும் என் கவரில் வைத்து அனுப்ப மாட்டேன். அவரே ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, அவரே போடட்டும்.

சீனித்தாய்